ஆபீஸ் லேப்டாப்பில் ராமும் எஸ்எஸ்டியும் மாற்றுவது: டெல்டா கடைகள், ஆலைகள், அலுவலகங்களுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கணக்கு எழுதவும் பில் போடவும் ஓடுகிற லேப்டாப்பில் கணிசமானவை பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பிசினஸ் மாடல்கள். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் என்று சென்னை ரிச்சி தெரு வழியாகவோ திருச்சி வழியாகவோ வந்து சேர்கின்றன. உடம்பு உறுதி, கீபோர்டு நன்றாக இருக்கும், பின்மூடியும் சுலபமாகத் திறக்கும். குறை பெரும்பாலும் வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் மெமரியான ராமிலும், கோப்புகள் சேமித்திருக்கும் டிஸ்க்கிலும்தான். அவற்றை மாற்றுவதைப் பற்றிய கேள்விகள் இவை.

லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறது. ராம் போடுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, வேலை மும்முரமாக இருக்கும்போது, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள்.

மெமரி 50, 60 சதவீதத்தில் நிற்கிறது, டிஸ்க் மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, பெயருக்குக் கீழே எச்டிடி (சுற்றும் தட்டு உள்ள பழைய வகை டிஸ்க்) என்று இருக்கிறது: ராம் போட்டுப் பயனில்லை, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போடுங்கள். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் எடுக்கும். ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் செகண்டுக்கு எண்பது, நூறு சிறு கோப்புகளைத் தேடுவதே அதிகம். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கில் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் கிடையாது.

மெமரி 85-க்கு மேல், டிஸ்க்கும் கூடவே ஏறுகிறது: ராம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கிறது. அதே பக்கத்தில் கமிட்டெட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்கள் ராமைவிடப் பெரிதாக இருந்தால், உதாரணமாக 8 ஜிபி மெஷினில் 11.4 என்று காட்டினால், ராம் தேவை உறுதி.

இரண்டும் சும்மா கிடக்க, சிபியு 100-இல் நின்றால் வேறு கதை. விசிறியில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், அல்லது வைரஸ் ஸ்கேன்.

எவ்வளவு ராம் போதும்?

டேலி, எக்ஸெல், குரோமில் பத்துப் பன்னிரண்டு பக்கம், வாட்ஸ்அப், பிரிண்டர் சாஃப்ட்வேர்: இதற்கு 16 ஜிபி. 8 ஜிபியில் ஓடும், ஆனால் ஜிஎஸ்டி தளத்தையும் வங்கித் தளத்தையும் ஒன்றாகத் திறந்த உடனே திணறும். ஸ்டுடியோக்காரர்கள் போட்டோஷாப்பில் திருமண ஆல்பம் அடுக்குகிறார்கள் என்றால் 32. கணக்கு வேலைக்கு 32 போடுவது காலி மூட்டைக்கு வாடகை கொடுப்பது போல. அந்தப் பணத்தில் பேக்கப்புக்கு ஒரு டிஸ்க் வாங்கலாம்.

என் மாடலில் ராம் மாற்ற முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதே மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியைப் பாருங்கள். சோடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் அட்டை. "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றால் மதர்போர்டிலேயே சாலிடர் செய்தது, கை வைக்க முடியாது. ஸ்லாட்ஸ் யூஸ்டு வரியை மட்டும் நம்ப வேண்டாம். சாலிடர் செய்த ராமையும் சில மாடல்கள் ஸ்லாட் கணக்கில் காட்டும்.

அடிக்கடி வரும் மாடல்கள்: திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு ஸ்லாட், ராம் டிடிஆர்4 தலைமுறை. டி480எஸ், டி490 இரண்டிலும் பாதி சாலிடர், ஒரு ஸ்லாட் மட்டும். எக்ஸ்1 கார்பன் முழுக்க சாலிடர். வாங்கும்போதே 16 ஜிபி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், பிறகு வழியில்லை. டி480-ஐயும் டி480எஸ்-ஐயும் குழப்பிக்கொண்டு இரண்டு அட்டை வாங்கி வந்து ஒன்றைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

டிடிஆர்3, 4, 5: மாற்றிப் போட்டால் ஓடுமா?

உள்ளேயே போகாது. லேப்டாப் அட்டையில் டிடிஆர்3-க்கு 204 முனை, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்4 1.2 வோல்ட், டிடிஆர்5 1.1. டிடிஆர்3-இல் மட்டும் ஒரு கண்ணி உண்டு. 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் எல் வகையும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தும், ஆனால் எல் வகை மட்டுமே கேட்கும் மெஷினில் மற்றது போட்டால் திரை வராது. லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா பாருங்கள்.

வேகம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2400-உம் 3200-உம் சேர்ந்தால் இரண்டுமே 2400-இல் ஓடும். பிராண்டு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும்.

ஏற்கனவே 8 இருக்கிறது. இன்னொரு 8 போடுவதா, 16-ஆக ஒன்றே மாற்றுவதா?

இன்னொரு 8. இரண்டு அட்டையும் சம அளவில் இருந்தால் இரு வழிப் பாதையாக டூயல் சேனலில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான மெமரியும் இதே ராமிலிருந்துதான் போகிறது, அதனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எஸ்எஸ்டியில் சாட்டா, எம்.2, என்விஎம்இ என்கிறார்கள். எதை வாங்குவது?

எம்.2 என்பது வடிவம்; சாட்டா (பழையது), என்விஎம்இ (வேகமானது) இரண்டும் பேசும் மொழிகள். ஒரே எம்.2 வடிவத்தில் சாட்டா அட்டையும் உண்டு, என்விஎம்இ அட்டையும் உண்டு. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 2280 என்ற எண் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். புது லேட்டிட்யூட் சிலவற்றில் 2230 என்ற குட்டை அட்டை ஒரு தகட்டோடு வருகிறது. மாற்றும் முன் பழையதை அளந்துவிடுங்கள்.

பழைய மாடலில் இரண்டரை அங்குல டிஸ்க் இருந்தால் அதே அளவில் 7 மில்லிமீட்டர் சாட்டா எஸ்எஸ்டி. பழைய டிஸ்க் 9.5 தடிமன் என்றால் எஸ்எஸ்டி லொடலொடக்கும். கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். சாட்டாவின் உச்சம் செகண்டுக்கு 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை போகும். டேலி திறக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் ஒரு நொடிகூட இருக்காது. சாட்டா மட்டுமே இடம் கொடுக்கும் மெஷின் என்று வருத்தப்பட வேண்டாம்.

கணக்கு அலுவலகத்துக்கு 500 ஜிபி போதும். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையாகப் பாருங்கள். நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி மலிவு, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் படுத்துவிடும். ஆயுள் பற்றிப் பயம் வேண்டாம். நல்ல 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி (டெராபைட், அதாவது 3,00,000 ஜிபி) எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளைக்கு 20 ஜிபி எழுதினால் 15,000 நாள், அதாவது 41 வருடம். அதற்குள் லேப்டாப் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

எங்கே வாங்குவது? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதுதான் காரணம். ஆகவே பழைய ராம் அட்டை வாங்குவதில் தவறில்லை. ராம் எழுதி எழுதித் தேய்வதில்லை; ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பிழை வராவிட்டால் நல்ல அட்டை. எஸ்எஸ்டி அப்படியில்லை. பழையது வாங்கினால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு ஹெல்த் சதவீதத்தையும் மொத்தம் எழுதிய ஜிபியையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி என்று வருவதெல்லாம் பெட்டிக்குள் ஒட்டிய மெமரி கார்டு. விண்டோஸ் 16 டிபி என்றே காட்டும், நிரம்பியபின் பழையதன் மேல் எழுதும். ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாரண்டி வாய்ப்பேச்சுதான்.

திறக்கும் முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

ஸ்குரூ கழற்றுவது பத்து நிமிட வேலை. ஒரு வாரம் அழ வைப்பது இந்தப் பகுதிதான்.

டேலி: கம்பெனி ஃபோல்டர்கள் 10000, 100001 மாதிரி எண் பெயரில் இருக்கும். டேட்டா பாத் எங்கே என்று டேலியிலேயே பார்த்து, அந்த முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். டேலியின் சொந்த பேக்கப்பும் ஒன்று எடுங்கள். அதன்பின் ஹெல்ப் மெனுவில் லைசென்ஸ் பகுதிக்குப் போய் சரண்டர் செய்யுங்கள், அதாவது லைசென்ஸை இந்த மெஷினிலிருந்து விடுவியுங்கள். அதற்கு இணையமும் டேலி.நெட் ஐடியின் பாஸ்வேர்டும் வேண்டும். அந்த ஐடி பல இடங்களில் நான்கு வருடம் முன் விற்ற டீலரின் மெயிலில் இருக்கிறது. முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம்: சான்றிதழ் யுஎஸ்பி டோக்கனுக்குள் இருப்பதால் போகாது. டோக்கனின் டிரைவரையும் கையொப்ப சாஃப்ட்வேரையும் புது விண்டோஸில் திரும்பப் போட வேண்டும்.

எழுத்துரு: இதை யாரும் நினைப்பதே இல்லை. பத்திரம் எழுதுவோர், டிடிபி கடைகள், ஊராட்சி அலுவலகங்கள் எல்லாவற்றிலும் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வேர்டு கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத விண்டோஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துவிடுங்கள்.

பிட்லாக்கர்: இது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. கன்ட்ரோல் பேனலில் அது ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி, பிறகு சஸ்பெண்ட் செய்யுங்கள். விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் ஓர் அமைப்பை மாற்றினாலே கீ கேட்கும்.

இவற்றோடு அவுட்லுக் கோப்பு, பிரௌசர் பாஸ்வேர்டுகள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் டிரைவர். தேதியும் முக்கியம்: ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாளான 11, 3பி-க்கான 20, இரண்டுக்கும் முந்தைய இரண்டு நாளில் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளும் வேண்டாம்.

மாற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

திங்க்பேட் டி480-ஐ வைத்துச் சொல்லலாம். மற்றவையும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஷட் டவுன். சாதாரண ஷட் டவுனில் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், எனவே ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். டி480-இல் இரண்டு பேட்டரி. வெளியே தெரிவதைக் கழற்றிவிட்டாலும் உள்ளே ஒன்று மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸ் போய், கான்ஃபிக், பவர், டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி என்பதைக் கொடுத்தால் மெஷின் தானே அணையும். சார்ஜர் மாட்டும்வரை உள் பேட்டரி விழிக்காது. லேட்டிட்யூட்டில் பயாஸுக்கு எஃப்2, எலைட்புக்கில் எஃப்10. அவற்றில் மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கையால் கழற்றுங்கள்.

பிஎச்0 ஸ்குரூ டிரைவர் எடுங்கள். கண்ணாடிக் கடை டிரைவரால் தலையைத் தேய்த்துவிட்டால் அப்புறம் துளைதான் போட வேண்டும். டி480-இன் பின்மூடி ஸ்குரூக்கள் மூடியிலேயே தொங்கும், காணாமல் போகாது. மற்ற மாடல்களில் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து குத்தி வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் முன்பக்கம் கை வைக்கும் இடத்தில் புடைப்பு எழும். பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து நகர்த்தினால் மூடி டக் டக் என்று விடும். இரும்பு எதுவும் நுழைக்காதீர்கள்.

ராமின் இருபுறமும் இரண்டு உலோகக் கொக்கிகள் இருக்கும். வெளிப்பக்கம் தள்ளினால் அட்டை தானே 30 டிகிரி எழும்பும். புது அட்டையையும் அதே சாய்வில், வெட்டு பொருந்துமாறு நுழையுங்கள். தங்க நிற முனை ஏறக்குறைய முழுக்க உள்ளே மறைய வேண்டும். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தங்கம் அதிகமாகத் தெரிந்தால் கோணலாகப் போயிருக்கிறது. பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கொக்கியும் ஒன்றாகக் கிளிக் ஆகும். ஒரு சத்தம் மட்டும் கேட்டால் எடுத்து மறுபடி போடுங்கள். முனையில் விரல் படக் கூடாது. சித்திரை வெயிலில் வியர்வைக் கையோடு தொட்ட முனை இரண்டு வருடத்தில் கறுத்துத் திரும்பி வரும்.

எம்.2 எஸ்எஸ்டியும் இதே சாய்வுதான், முடிவில் ஒரு குட்டி ஸ்குரூ. அதன் மேல் இருந்த தகடு அல்லது தெர்மல் பேடைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாற்றிய பிறகு திரை கறுப்பாகவே இருக்கிறது!

பொறுங்கள். புது ராமைப் பழகிக்கொள்ள மெஷின் ஓரிரு நிமிடம் எடுக்கும், டிடிஆர்5-இல் இன்னும் கொஞ்சம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒரே அட்டையை ஒரு ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மாற்றி. லேட்டிட்யூட்டில் விளக்கு ஆம்பர் 2, வெள்ளை 3 என்று சிமிட்டினால் ராம் தெரியவில்லை. 2, 4 என்றால் ராம் பழுது. எலைட்புக்கில் நீளமாக 3, குட்டையாக 2 சிமிட்டினால் மெமரிச் சிக்கல். பத்தில் எட்டு முறை அட்டை சரியாக அமராததுதான். பேட்டரி கனெக்டரை மறந்திருந்தால் சார்ஜரில் மட்டும் ஓடும்.

குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா?

பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, மெஷினில் தேவையற்றது குவியாமல் இருந்தால் குளோன், அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது. புது எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டியில் மாட்டி, எஸ்எஸ்டி கம்பெனி தரும் மென்பொருளிலோ குளோனசில்லாவிலோ நகலெடுக்கலாம். 200 ஜிபி டேட்டா இருந்தால் சுமார் 50 நிமிடம். பழைய டிஸ்க்கில் கர் கர் சத்தம் வந்தால் குளோன் அதைக் கொன்றுவிடும். முதலில் முக்கியக் கோப்புகளை மட்டும் எடுங்கள்.

மற்றபடி புதிதாகப் போடுவதே மேல். 8 ஜிபி பென் டிரைவ் போதும். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது என்பதால் அதே பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். காசு கேட்கும் கடைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

குளோன் முடிந்தது, ஆனால் நீலத்திரை. இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை. சி டிரைவும் பெரிதாகவில்லை.

நீலத்திரை பெரும்பாலும் பயாஸில் யாரோ ரெய்டு, ஏஎச்சிஐ என்ற டிஸ்க் அமைப்பை மாற்றியதால் வருவது. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வைத்தால் எழும். 11-ஆம் தலைமுறை இன்டெலிலும் அதற்குப் பிந்தையதிலும் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாவிட்டால் விஎம்டி என்ற பயாஸ் அமைப்புதான் பெரும்பாலும் காரணம்: இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக் காட்டுங்கள். சி பெரிதாகாததற்குக் காரணம் அதற்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ரெக்கவரி பகுதி. குளோன் செய்யும்போதே அதைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும்.

ரீஃபர்பிஷ்டு மெஷினில் பயாஸ் பாஸ்வேர்டு பூட்டியிருந்தால் இவற்றில் எதையும் தொட முடியாது. வாங்கும் இடத்திலேயே பயாஸ் திறந்து பாருங்கள்.

எங்கள் ஆலையில் தூசி, நாகையில் உப்புக்காற்று. ஏதாவது செய்ய வேண்டுமா?

சம்பா அறுவடை முடிந்த மாசியில் அரிசி ஆலை லேப்டாப்பின் மூடியைத் திறந்தால், விசிறிக்கும் செம்புத் துடுப்புக்கும் நடுவே உமித்தூசி சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். ராம் மாற்றத் திறந்த கையோடு அதையும் எடுங்கள். விசிறி இதழை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுழலவிட்டு ஊதினால் பேரிங் போகும்.

வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் முனைகள் மங்கிப் பச்சை பூக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைப்பது சரி. ரப்பரால் தேய்ப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது, பலனும் தரும், ஆனால் தங்கப் பூச்சு மெலிதாகும். ஒரு முறைக்கு மேல் வேண்டாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளில் அங்கேயே வைத்துத் திறக்காதீர்கள். பித்தளைப் பொடி மின்சாரம் கடத்தும்.

அடகுக்கடை பில் புரோகிராம் பழைய டாஸில் ஓடுகிறது. ராம் கூட்டலாமா?

அந்த மெஷினில் 32-பிட் விண்டோஸ் இருக்கும். 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது. 64-பிட்டுக்குப் போனால் இதுபோன்ற 16-பிட் டாஸ் புரோகிராம் திறக்காது, விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே இல்லை. டாஸ்பாக்ஸ் மாதிரியான மென்பொருளுக்குள் ஓட்டிப் பார்த்து, பிரிண்ட் சரியாக வருகிறதா என்று சோதித்த பிறகே மாறுங்கள். அதுவரை எஸ்எஸ்டி மட்டும் மாற்றலாம்.

வாரண்டி போய்விடுமா?

பிசினஸ் மாடல்கள் பெரும்பாலானவற்றில் ராமும் டிஸ்க்கும் பயனரே மாற்றக்கூடிய பாகங்கள். திறந்ததற்காகப் போகாது, திறக்கும்போது உடைத்தால் போகும். பழைய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள், சர்வீஸுக்கு அனுப்பும்போது திரும்ப மாட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

எந்த மெஷினுக்குச் செலவு செய்யக் கூடாது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெலில் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை மெஷின் வங்கி வேலை பார்க்கிறது என்றால் அதில் 16 ஜிபி ராம் போடுவது வீண். குடோனில் இருப்பு எழுத மட்டும் என்றால் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாம்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். எடுக்க மறந்த ஒரு கோப்பு கண்டிப்பாக இருக்கும். பிறகு யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வையுங்கள்: எஸ்எஸ்டி சாகும்போது பழைய டிஸ்க் மாதிரி சத்தம் போட்டு எச்சரிக்காது, ஒரு காலையில் சும்மா தெரியாமல் போகும். விற்பதாக இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது. வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் மீட்டெடுக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் ஓடவிடுங்கள். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் ஆகும், சார்ஜரை மாட்டி வையுங்கள்.